மாப்ள விழுங்கிய தூண்டில் முள்

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் சாயங்காலமே நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டோம். ஏகாதசிக்குத் திருச்சியில் உள்ளூர் விடுமுறை. நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடமும் மூடியிருக்கும். ஊரே ஸ்ரீரங்கத்தைப் பார்த்துப் போகிற அந்த நாளில் நாங்கள் எதிர்ப்பக்கம் போவது வழக்கம். எனக்கு அதற்குக் காரணம் இருந்தது. நான் பிறந்தது ஸ்ரீரங்கம் உத்திர வீதியில், பெருமாள் கைங்கர்யத்தைத் தவிர வேறு பேச்சே இல்லாத வீட்டில். கல்யாணம் செய்துகொண்டது பாலக்கரையில், மாதா கோயில் மணிச்சத்தத்தில் வளர்ந்த ஒரு கத்தோலிக்கரை. அதற்கப்புறம் பரமபத வாசல் திறக்கிற அன்றைக்கு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற அந்தத் தீவுக்குள் கால் வைக்க எனக்கு மனசு வந்ததில்லை.

எங்களிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டிருந்தோம். ஒரு சின்ன கேஸ் அடுப்பு, நீலக் கூடாரம், தூண்டில்கள், ஒரு அரிசிப் பை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும் எங்கள் நாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும், சாதாரண நாட்டு நாய். என் கணவர் அதை முதல் நாளிலிருந்தே "மாப்ள" என்றுதான் கூப்பிட்டார். அதுவே அதன் பெயராகிவிட்டது. தெருவில் அவர் "மாப்ள, இங்க வாடா" என்று கத்தினால் நாலு ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மாப்ள எங்களிடம் வந்த காலத்தைச் சொல்லாமல் அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் புரியாது. திருவெறும்பூர் பெரிய தொழிற்சாலையை நம்பி அந்தப் பக்கம் நிறைய சின்னப் பட்டறைகள் இருந்தன. அதில் ஒன்றில் என் கணவர் வெல்டிங் சூப்பர்வைசர். ஆர்டர் குறைந்து குறைந்து ஒருநாள் பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடுவார் என்று நினைத்தேன். அவர் படுத்துவிட்டார். காலையில் நான் ஸ்கூலுக்குப் போகும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். திரும்பி வரும்போதும் அதே சுவர். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருக்கும். கேட்டால், "பசிக்கலம்மா." அவ்வளவுதான் பேச்சு.

ஒருநாள் சாயங்காலம் ஸ்கூல் பஸ் டிரைவர் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், சார் காவிரிப் பாலத்துல ரொம்ப நேரமா நிக்கிறாருங்க. கூப்பிட்டா திரும்பல." நான் ஆட்டோ பிடித்துப் போனேன். கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். தோளைத் தொட்டேன். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன். வந்துவிட்டார். அன்று என்ன நினைத்து நின்றார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன், மாத்திரை கொடுத்தார். ஆனால் அந்தப் பாலத்தை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் இன்னும் கைப்பிடிச் சுவரோரம் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன்.

மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச காலத்தில், பட்டறையில் பாக்கியிருந்த தன் கருவிகளை எடுத்துவரப் போனவர் ஒரு நாய்க்குட்டியோடு வந்தார். டிரெய்லர் லாரிக்கு அடியில் கிடந்ததாம். மேலெல்லாம் கிரீஸ். "ஒரு வாரம் வச்சிட்டு யாருக்காவது கொடுத்துடலாம்" என்றார். நான் மறுப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

நாய்க்குட்டியை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதால் அவரும் வெளியே போனார். காட்டூரில் எங்கள் வீட்டிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்கால் வரை நடப்பார்கள். அங்கே தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். ஒருநாள் தானே ஒரு தூண்டில் வாங்கி வந்தார். அப்புறம் வாய்க்கால் போதவில்லை. சனி, ஞாயிறு முக்கொம்புப் பக்கம், கல்லணைப் பக்கம், புதுக்கோட்டைக் கண்மாய்கள். மீன் இல்லாவிட்டாலும் பச்சைமலையில் போய்க் கூடாரம் போட்டோம். அங்கே ஒரு மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் மூன்று பேரும் ஒரே கம்பளியில் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறோம். மணப்பாறை வழியாகப் போனால் முறுக்கு வாங்காமல் மாப்ள வண்டியை நகரவிடாது. நான் இன்றுவரை மீன் சாப்பிட்டதில்லை. ஆனால் மண்புழுவை முள்ளில் கோக்கக் கற்றுக்கொண்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். ஒரு சின்ன வெல்டிங் கடையில் வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தார். இதெல்லாம் நாயினால்தான் என்று டாக்டர் சொல்லமாட்டார். நான் சொல்வேன்.

அன்றைக்கு நாங்கள் தங்கியிருந்தது குணசீலத்துக்கு இந்தப் பக்கம், காவிரிக் கரையில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் எங்களுக்குப் பழக்கம். கிடைக்கிற மீனை அவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். மார்கழிப் பனி விலகி வெயில் வந்துகொண்டிருந்தது. நான் அடுப்பில் டீ வைத்திருந்தேன். விரால் கிடைக்கும் என்று அவர் கோழிக்குடலை முள்ளில் கோத்திருந்தார். மாப்ள எப்போதும் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும். அப்படித்தான் பழக்கியிருந்தார். அவர் தூண்டில் கழியைப் பின்னுக்கு வீசி முன்னால் எறியப்போகிற அந்த ஒரு வினாடியில், குடல் அதன் மூக்குக்கு நேராக ஆடியிருக்க வேண்டும். மாப்ள எழும்பிக் கவ்வியது. மென்றுகூடப் பார்க்கவில்லை.

"ஐயோ" என்ற அவர் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நூல் நாயின் வாயிலிருந்து கழிக்குப் போயிருந்தது. அவர் கழியைப் போட்டுவிட்டு நூலைக் கையில் பிடித்து இழுத்தார். மாப்ள கத்தியதுபோல எந்த நாயும் கத்தி நான் கேட்டதில்லை. வாயோரத்தில் ரத்தம் வந்தது.

"இழுக்காதீங்க! விடுங்க! விடுங்கன்னா!"

நான் ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மாப்ள தலையைக் கீழே போட்டு முன்காலால் வாயைப் பிராண்டியது. எச்சிலும் ரத்தமும் நூல் நூலாக வழிந்தன. நான் வாயைத் திறந்து பார்த்தேன். முள் கண்ணுக்குத் தெரியவில்லை. நைலான் நூல் மட்டும் நாக்கின் மேலாகப் போய் தொண்டைக்குள் மறைந்தது.

தோப்புக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. கூடாரத்தையும் அடுப்பையும் அப்படியே விட்டுவிட்டு மாப்ளயைத் தூக்கி வேனில் போட்டோம். ரீலைக் கழியிலிருந்து கழற்றி அதையும் கூடவே எடுத்துக்கொண்டார். மெயின் ரோடு ஏறியதும் நான் போன் போட ஆரம்பித்தேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வெளியூரில். கால்நடை மருத்துவமனையில் எடுத்தவர், "இன்னிக்கு லீவுங்க, ஆபரேஷன் பண்ற டாக்டர் இல்லைங்க, நாளைக்கு வாங்க" என்றார். தில்லைநகரில் ஒரு கிளினிக் எடுக்கவே இல்லை. அப்போது ஞாபகம் வந்தது. ஒரு தடவை தடுப்பூசிக்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போயிருந்தோம். அடையவளஞ்சான் வீதியில், மாடியில் வீடு, கீழே கிளினிக். எடுத்தார்.

"நூல் வெளிய இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"இழுக்கவே கூடாது. வாயை ஒட்டி வெட்டவும் கூடாது. ஒரு முழம் விட்டு வெட்டி, கழுத்துப் பட்டையில கட்டிடுங்க. தண்ணிகூடக் குடுக்காதீங்க. எங்க இருக்கீங்க?"

"வாத்தலை தாண்டி வந்துட்டிருக்கோம்."

"இன்னிக்கு நான் வெளிய வரமுடியாதும்மா. தெரு முழுக்க ஜனம். நீங்க எப்படியாவது உள்ள வந்துடுங்க. நான் கிளினிக்கைத் திறந்து வைக்கிறேன்."

எப்படியாவது. வேனை அவர் ஓட்டினார், நான் பின்னால் மெத்தையில், டாக்டர் சொன்னபடி நூலை வெட்டிக் கழுத்துப் பட்டையில் கட்டிவிட்டு, மாப்ளயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஒவ்வொரு தடவை விழுங்கப் பார்க்கும்போதும் உடம்பு முழுக்க ஒரு இழுப்பு வந்தது. நொச்சியம் தாண்டும்போதே சாலையில் வேன்களும் பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக. டோல்கேட்டில் நின்றது நின்றபடி. கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் தடுப்புகளைப் போட்டுப் போலீஸ் எல்லா வண்டியையும் பைபாஸ் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

அவர் இறங்கி ஓடினார். நானும் கண்ணாடியைத் திறந்து தலையை நீட்டினேன்.

"சார், நாய்க்குத் தொண்டையில முள் மாட்டிக்கிச்சு. உள்ள டாக்டர் இருக்காங்க. ஒரு வண்டி சார், ஒரே ஒரு வண்டி."

போலீஸ்காரருக்கு வயது அதிகமில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரவெல்லாம் நின்றிருப்பார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும், "உள்ள வண்டி போக வழியே இல்லைங்க. பாஸ் இருக்கிற வண்டியே ஊர்ந்துதான் போவுது. உங்களை விட்டாலும் நடுவுல மாட்டிக்குவீங்க. திரும்பக்கூட முடியாது. காவிரிப் பாலம் பக்கமும் இதே கதைதான். நடந்து வேணா போங்க" என்றார்.

நடந்து போனோம். வேனை ஒரு டீக்கடை ஓரமாக விட்டு, மெத்தை மேலிருந்த போர்வையில் மாப்ளயைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். கொள்ளிடம் பாலம் நீளமென்று எனக்குத் தெரியும். ஸ்கூலில் படிக்கும்போது சைக்கிளில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்கு அது முடியவே இல்லை. கீழே மணலும் நடுவில் நீரும் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. எதிரே சேவித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், பின்னால் சேவிக்கப் போகிறவர்கள். "ரங்கா, ரங்கா" என்று கூட்டம் கூட்டமாகக் குரல். ஒரு அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு விலகினார். "செத்துருச்சா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கொடுக்கக்கூடாது என்று சொல்லக்கூட எனக்கு மூச்சு இல்லை, தலையை மட்டும் ஆட்டினேன். போர்வையின் முனை வியர்வையில் வழுக்கியது. என் விரல்கள் மடங்கிக்கொண்டன, பிடி விட்டது. மாப்ள தரையில் இடித்துக்கொண்டு முனகியது.

அவர் பாலத்துச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாயைப் பார்க்கவில்லை. பாலத்துக்கு வெளியே, கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது போயிடுச்சுன்னா..." என்றார்.

"போகாது. எழுந்திரிங்க."

"அது போயிடுச்சுன்னா நான் என்ன செய்யறது சொல்லு."

அந்த முகத்தை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன், வேறொரு பாலத்தில். அந்த நிமிஷம் எனக்கு நாய் மறந்துபோனது என்று சொன்னால் நம்புவீர்களா. இவரை நான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு யாராவது வேண்டும். அந்தத் தடுப்புக்கு உள்ளே இருக்கிற, வண்டியோடு வரக்கூடிய ஒரு மனுஷர். அப்படி ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். என் அண்ணா.

நாங்கள் பேசிப் பல வருஷம். அப்பா போனபோது வாசல்வரை போய் நின்றேன். "பார்த்தாச்சோன்னோ, கிளம்பு" என்று அண்ணா சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அம்மா போன சேதி பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் நம்பர் என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

"யாரு?"

"நான்தான் அண்ணா."

பின்னால் கோயில் மைக்கில் அறிவிப்பு கேட்டது.

"சொல்லு."

"கொள்ளிடம் பாலத்துல நிக்கறோம். எங்க நாய் தூண்டில் முள்ளை முழுங்கிடுத்து. டாக்டர் அடையவளஞ்சான் வீதில இருக்கா. வண்டியை விடமாட்டேங்கறா. தூக்கிண்டு நடக்க முடியலை. அண்ணா, எனக்கு வேற யாரையும் தெரியலை."

"நாயா?"

"ஆமாம்."

இப்போது வைத்துவிடுவார் என்று நினைத்தேன். ஏகாதசி. அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பரமபத வாசல் கடந்து வந்து, திருமண் கலையாமல், பாராயணத்துக்கு உட்காரும் நேரம். நாய் தெருவில் எதிரே வந்தாலே ஒதுங்குகிற மனுஷர்.

"பாலத்துல எந்தக் கோடியில நிக்கறே?" என்று கேட்டார்.

வந்தார். பழைய ஸ்கூட்டர், முன்னால் உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்கும் பாஸ் ஒட்டியிருந்தது. பஞ்சகச்சம், மேலே உத்தரீயம். தலைமுடி முன்பக்கம் நன்றாக நரைத்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்தார். என்னென்னவோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் தரையில் கிடந்த போர்வையைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினார். பின்சீட்டைத் தட்டி என் கணவரிடம் சொன்னார்:

"ஏறுங்கோ மாப்பிள்ளை. மடியில வெச்சுக்கோங்கோ."

என் பிறந்த வீட்டில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாயும் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டதுபோல, போர்வைக்குள் வாலை ஒரு தடவை தரையில் அடித்தது. வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் நான் நாயைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அண்ணாவின் முதுகில் அதன் தலை சாய்ந்தது. உத்தரீயத்தில் எச்சிலும் ரத்தமும் இறங்கின. அண்ணா ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

நான் தனியாக நடந்தேன். அன்றைக்கு நான் கடந்ததில் அதுதான் மோசமான பகுதி. ஓட முயன்றேன், கூட்டம் விடவில்லை. திருவானைக்காவல் பக்கமிருந்து வந்த ஜனமும் பாலத்து ஜனமும் ஒன்றாகச் சேர்ந்து, தோளோடு தோள். போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அண்ணாவுக்குப் போட்டேன், அவரும் எடுக்கவில்லை. எடுக்காததற்கு எனக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. எனக்கு முன்னால் ஒரு குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தது. அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பெருமாளைக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. மாதாவையும் கூப்பிட்டேன். இரண்டு பேரிடமும் நான் கேட்டது நாயை மட்டுமில்லை.

கிளினிக் வாசல் படியில் அண்ணா உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளை வேஷ்டியில் இடுப்புவரை கறை.

"இருக்கு" என்றார், நான் கேட்பதற்கு முன்னால். "உள்ள போ."

உள்ளே மேஜையில் மாப்ள மயக்கத்தில் கிடந்தது. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவில் அந்த முள் பளிச்சென்று தெரிந்தது, சின்னதாக, ஒரு கேள்விக்குறிபோல.

"இது உணவுக்குழாய். முள் இங்க குத்தியிருக்கு. பக்கத்துலயே இதயம். நெஞ்சைத் திறந்து எடுக்கிற வசதி என்கிட்ட இல்லை. ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம், ஆனா இந்தக் கூட்டத்துல எப்பப் போய்ச் சேருவீங்கன்னு தெரியலை. நூல் இருக்கிறதால ஒரு வழி இருக்கு. ஒரு குழாய்க்குள்ள நூலைக் கோத்து, உள்ள இறக்கி, முள்ளைக் கீழ்ப்பக்கமா தள்ளினா கழண்டு குழாய்க்குள்ள வரலாம். கழலும்போது கிழிச்சிடுச்சுன்னா ரத்தம் நிக்காது. செய்யட்டுமா?"

என் கணவரைப் பார்த்தேன். மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"செய்யுங்க டாக்டர்" என்றேன்.

முதல் தடவை முள் அசையவில்லை. டாக்டரம்மா குழாயை வெளியே எடுத்து, நெற்றியைக் கையால் துடைத்துக்கொண்டார். "வேற குழாய் பார்க்கிறேன்" என்று உள்ளே போனார். அலமாரியைத் திறக்கிற சத்தம், எதையோ தள்ளுகிற சத்தம். வெளியே தெருவில் கோஷ்டி போய்க்கொண்டிருந்தது, பிரபந்தம் சொல்லிக்கொண்டு. அந்தக் குரல்களோடு வளர்ந்தவள் நான், ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. மாப்ளயின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. நின்றது. ரொம்ப நேரம் நின்றதுபோல இருந்தது. ஏறியது.

இரண்டாவது குழாய் கொஞ்சம் தடிமன். என்னை நூலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "இறுக்கமா, ஆனா இழுக்காம" என்றார். என் விரலில் நூல் வழியாக அதன் இதயம் அடிப்பது தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. டாக்டரம்மா குழாயை இறக்கி, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். நூல் தளர்ந்தது. அறுந்துபோயிற்று என்று நினைத்து நான் கத்திவிட்டேன். "கழண்டுடுச்சு, கத்தாதீங்க" என்றார். குழாய் மெதுவாக வெளியே வந்தது. கூடவே முள். கூடவே ரத்தமும்.

ரத்தம் நிற்கும்வரை என் கணவர் தரையில் உட்கார்ந்தபடியே என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

வெளியே வந்து சொன்னபோது அண்ணா எழுந்தார். "சரி. நான் போய் மறுபடியும் தீர்த்தமாடணும்" என்றார். ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். உத்திர வீதி அங்கிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. "ரெண்டு பேரும் எதையாவது சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்லவேண்டும் என்று எனக்கு அவர் தெருமுனை திரும்பினபிறகுதான் தோன்றியது.

முள் வெளியே வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. காய்ச்சல் வந்தது. புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிக்கொண்டது. சாப்பிடுவதெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. பால் வந்தது, கஞ்சி வந்தது, தண்ணீர்கூட வந்தது. ஒவ்வொரு வாந்திக்கும் மாப்ள எங்களைக் குற்றவாளிபோலப் பார்த்தது, தரையை அசிங்கம் செய்துவிட்டோமே என்று. கூட்டிக்கொண்டு ஒரத்தநாடு போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். சுருங்கிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிட்டார்கள். எலும்புகள் தோலுக்கு மேல் தெரிய ஆரம்பித்தன. என் கணவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். "நான் வீசினது. நான் திரும்பிப் பார்த்திருக்கணும்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாரோ. ஒருநாள் ஸ்கூலிலிருந்து வந்தபோது மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் மாப்ள, அதுவும் அதே சுவரைப் பார்த்து. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதேன். அந்த மாதத்தில் ஒரு நாள்கூட நான் ஸ்கூலில் முழுசாக இருந்ததில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, இப்போது அவர் எங்கே இருப்பார், எந்தப் பாலத்தில் இருப்பார் என்று கை நின்றுவிடும். பிள்ளைகள் "மிஸ்" என்று கூப்பிட்டால்தான் மீதிக் கணக்கு.

நானே அவரைப் பழைய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரை கூடியது. கால்நடை டாக்டர் ஒரு வழி சொன்னார்: கஞ்சியை நீர்க்க வைத்து, நாயை நிமிர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தபிறகும் கொஞ்ச நேரம் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இறங்கும். அதை யார் செய்வது? எனக்கு அந்தக் கனத்தை அவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்க முடியாது. "நீங்கதான் செய்யணும்" என்றேன். முதல் நாள் கேட்காததுபோல இருந்தார். இரண்டாம் நாள் எழுந்து வந்தார். மாப்ளயின் முன்கால்களைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொடுத்தபடி பால்கனியில் நின்றார். கஞ்சி வெளியே வரவில்லை. அவர் அசையாமல் நின்றார், வெயில் முகத்தில் விழும்வரை.

அண்ணா அவ்வப்போது வாட்ஸப்பில் கேட்கிறார்: "நாய் எப்படி இருக்கு?" நான் பதில் போடுவேன். ஒரு தடவை, "அவருக்குத்தான் முடியலை அண்ணா" என்று எழுதினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது, பதில் வரவில்லை. மறுநாள் மத்தியானம் என் கணவர் போன் செய்தார், "உங்க அண்ணா கீழ நிக்கிறாரு. மேல வரமாட்டேங்கிறாரு. என்ன பண்றது?" "நீங்க கீழ போங்க" என்றேன். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் நின்று பேசினார்கள் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

மாப்ள இப்போதும் கஞ்சிதான். முறுக்கு வாசனை வந்தால் தலையைத் தூக்குகிறது, நாங்கள் வாங்குவதில்லை. கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. சில நாள் வாந்தி எடுக்கிறது, சில நாள் இல்லை. தோப்புக்காரர் கூடாரத்தை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். தூண்டில்களை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என் கணவர்.

போன வாரம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பால்கனியிலிருந்து அவர் கேட்டார், நாயைத் தோளில் போட்டபடியே, என்னைப் பார்க்காமல்:

"பச்சைமலைக்குப் போலாமா? அங்கதான் தண்ணி இல்லையே. சும்மா போய்ட்டு வரலாம்."

வழியில் வாந்தி எடுத்தால், காய்ச்சல் வந்தால், அந்த மலையில் எந்த டாக்டர், கீழே இறங்க எவ்வளவு நேரம், போன் எடுக்குமா. எல்லாம் ஒரே நேரத்தில் மனசில் ஓடியது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கஞ்சிக்கு ஃபிளாஸ்க் வாங்கணும்" என்றேன்.